குடையும் கப்பலும்



எங்கள் திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், பூ, பழம் விற்கும் கடைகள் அருகருகே இருக்கின்றன. ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்தவரும் குறைப்பார். அது வணிகத்தின் இயல்பு. ஆனால், செல்வம் மிக்க ஒருவர் அடுத்த கடையை மூடச் செய்வதற்காகவே பொருளை இனாமாக வழங்கினால் அதனை என்னவென்பது? இவ்வினாவுக்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். 40,000 பங்குகளால் 10 இலட்சம் ரூபாய் திரட்டுவது நோக்கம்.

பெரிய கம்பெனி வாளாவிருக்கவில்லை. சுதேசிகளுக்கு வாடகைக்குக் கப்பல் தந்தவர்களை முதலில் நெருக்கிற்று. அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சிதம்பரனார் தளராமல் முதலில் கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பின்னர் 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. அடுத்து, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே எதிரிகள் இலவசமாகவே பயணிகளை ஏற்றி, ஆளுக்கொரு குடையும் கொடுத்தனர்!

இறுதியில் அரசாங்கத்தின் கரமும் நீண்டது. 1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைதானார். நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. அதன் கப்பலும் போட்டியாளர் கைக்கே போயிற்று.

குடை பெற்ற ஏழைப் பயணியை நாம் பழிக்க வேண்டா. வெயிலில் நடப்பவனுக்குக் குடை பெரும் பொருளே. ஆயினும் அவன் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கலாம். இன்று இலவசமாக ஏற்ற முடிந்தவர்கள் நேற்றுவரை கட்டணத்தைச் சற்றேனும் குறைக்காதது ஏன்? போட்டியாளர் மறைந்தபின் இந்த இலவசம் நீடிக்குமா?

காலம் மாறியிருக்கிறது, வாணிகப் பொருள்களும் மாறியிருக்கின்றன. பெருநிறுவனம் எதையேனும் இனாமாக நீட்டும்போது அவ்விரண்டு கேள்விகளையும் நீங்களும் கேளுங்கள்.