படாக் மரமும் பிரெஞ்சுக் கட்டிலும்

தெற்கு அந்தமானில், துறைமுக நீரின் ஒரு கரையில் சாத்தம் தீவும் மறுகரையில் பாம்பூஃப்ளாட்டும் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேயர் என்று வழங்கி, இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரத்தோடு சாத்தம் பாலத்தால் இணைந்தது. அங்கிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் படகில் செல்வார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இக்கரைகளிலும், நாம் குடியேறியிருக்கும் பிற ஊர்களிலும், பழைய கட்டில் ஒன்றைக் காட்டி, "இது பிரெஞ்சு மன்னர் காலத்தது" என்று விலை கூறுவோர் உண்டு. அச்சொல்லை நம்பி மிகுந்த பொருள் கொடுப்பாரும் உளர். அது பொய்யென்று அறிந்தவுடன் நல்லதொரு கட்டிலை விறகு விலைக்குத் தள்ளிவிடுவாரும் உளர். பின்னவர் அடையும் இழப்பே பெரிதென்பது நம் கருத்து.

பிரெஞ்சுக் கட்டில் என்று இங்கே குறிப்பது, பதினாறாம் லூயி மன்னன் ஆண்ட 1774 முதல் 1792 வரையிலான காலத்து வடிவத்தையே ஆகும். அதற்கு முன் பிரான்சில் கால்களை வளைத்துச் சங்குபோற் சுழித்துச் செய்வது வழக்கமாய் இருந்தது. இத்தாலியில் 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பாம்பேயிலும் அகழ்வு தொடங்கிப் பண்டை உரோமர் வாழ்வு வெளிப்படவே, ஐரோப்பியர் மனம் பழமையின்பால் திரும்பிற்று. வளைந்த கால் நிமிர்ந்தது. கீழே குறுகி, நெடுக வரிக்குழிகள் பெற்றது. தலைமாட்டுப் பலகையில் இலைமாலையும் நாடா முடிச்சும் பூச்சாடியும் இடம் பெற்றன.

வடிவம் மட்டும் காலத்தைச் சொல்லாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மூன்றாம் நெப்போலியனின் அரசி யூஜெனி இவ்வடிவத்தின்மேல் பெருவிருப்பம் கொண்டாள். ஐரோப்பியப் பட்டறைகள் அதை மீண்டும் ஏராளமாகச் செய்து குவித்தன. ஆகவே ஆராய்பவன் கட்டிலின் முகத்தை விட்டு முதுகைப் பார்க்க வேண்டும். கையால் அறுத்த பலகையில் வாள்தடம் நேர்கோடாய், ஒழுங்கின்றி இருக்கும். வட்டவாள் அறுத்ததில் வில்போல் வளைந்த தடம் தெரியும். அத்தகைய வாள் 19ஆம் நூற்றாண்டிலேதான் பரவலாயிற்று. கழுந்தும் குழியும் ஒன்றுக்கொன்று அச்சடித்தாற்போல் இருப்பின் ஐயம் கொள்க. பாரிஸ் தச்சர் சங்கம் தன் உறுப்பினர் பெயரைச் செய்பொருளில் முத்திரையிடச் செய்தது. 1791இல் சங்கங்களே கலைக்கப்பட்டன. ஆனால் முத்திரையையும் போலியாக அடிக்கலாமன்றோ!

"புதுச்சேரியிலிருந்து வந்தது" என்பது அடுத்த வாதம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வென்று இடித்தனர். 1778இல் மீண்டும் பிடித்து 1785இல் திருப்பிக் கொடுத்தனர். 1793இல் பிடித்ததை 1816இலேதான் விட்டனர். இவ்வளவு அலைக்கழிவினிடையே பாரிஸ் கட்டில் ஒன்று வந்து தப்பிப் பிழைத்திருத்தல் அருமையிலும் அருமை. அன்றியும், மெல்லிய மரத்தகட்டைப் பசையால் ஒட்டும் பாரிஸ் முறை நம் வெக்கையிலும் ஈரத்திலும் நிலைப்பதில்லை. நம் தச்சர்கள் தேக்கையும் தோதகத்தியையும் முழு மரமாகவே கடைந்தனர்.

இங்குதான் அந்தமானின் படாக் மரம் கதைக்குள் வருகிறது. நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் அது உடன்பிறப்பு. அறுத்த அன்று செங்கல் நிறம். வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுகள் செல்லக் கரும்பழுப்பாகும். எளிதில் முறுக்கிக் கொள்ளாது. 1883இல் சாத்தத்தில் மரம் அறுக்கும் ஆலை ஏற்பட்டபின் இம்மரம் பெருமளவில் கடல் கடந்தது. அமெரிக்காவின் புல்மன் இரயில் பெட்டிகளின் உள்வேலைக்கும் பயன்பட்டது. அந்தமான் படாக் கட்டில் ஒன்று பிரெஞ்சு வடிவில் கிடைத்தால், அது பெரும்பாலும் 1883க்குப் பிற்பட்டதென்றே கொள்ளலாம். பர்மாவிலும் இதற்கு நெருங்கிய மரம் உண்டாதலால், மரத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

அவ்வாறு பிற்பட்டதாயின் அதன் மதிப்புக் குறைந்ததா? பாரிஸ் தச்சன் தன் பெயரை மரத்தில் பதித்தான். அந்தமானில் 1858இல் தொடங்கிய கைதிக் குடியிருப்பிலோ, காட்டு மரம் வீழ்த்திய கைதியின் கழுத்தில் எண் எழுதிய மரவில்லை தொங்கிற்று. அவன் வீழ்த்திய மரத்தில் அவன் பெயர் ஏறவில்லை. நாம் விலை பேசும்போது பாரிஸ் முத்திரையைத் தேடுகிறோம். அந்தக் கைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அகன்ற படாக் பலகை இனி எளிதில் கிடைப்பதன்று.

பழைய கட்டில் வைத்திருப்போர் அதைச் சுரண்டிப் புதுமெருகு ஏற்றாமல் இருப்பது நலம். பழைய மெருகோடு வாள்தடமும் ஆணித்துருவும் ஆகிய சான்றுகள் அழிந்துவிடும். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு வணிகர் எவரேனும் விலை பேச வந்தால் இதனை நினைவில் வைத்தே பேச வேண்டும்.