ரேடியம் இருந்த வார்டு

எழுபதுகளில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தேன். உத்திரமேரூர், மானாம்பதி பக்கத்திலிருந்து நாற்று நடும் பெண்கள் வருவார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய பிறகுதான் பஸ் ஏறுவார்கள். “நர்ஸம்மா, கரண்டு எப்போ வைப்பாங்க?” என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

அவர்கள் கரண்டு என்றது கதிர் சிகிச்சையை. வைப்பது சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாட்டினக் குழாய். உள்ளே சில மில்லிகிராம் ரேடியம். ஒரு டன் யுரேனியத்தைச் சலித்தெடுத்தாலும் அதில் ரேடியம் அரை கிராம்கூடத் தேறாது. 1921-இல் அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி, ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரிக்குப் பரிசளித்த ஒரு கிராமின் விலை ஒரு லட்சம் டாலர்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது 1934-இல். அதே ஆண்டு ஜூலையில், எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோய், மேரி கியூரி இறந்தார். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது.

குழாயை நீண்ட இடுக்கியால்தான் எடுப்போம். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று சீக்கிரம் கோத்து முடிக்க வேண்டும். வைத்த பிறகு அந்தப் பெண் இரண்டு மூன்று நாள் மல்லாந்தே கிடப்பாள்; புரளக் கூடாது, பிள்ளையைக் கிட்டே விடக் கூடாது. தண்ணீர் கொடுக்கப் போனால் கொடுத்துவிட்டு உடனே விலகிவிட வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு அழுபவளிடமிருந்து கையை உருவிக்கொண்டு வருவது என்ன வேலை! எடுத்ததும் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் அழுக்குத் துணி, குப்பை வாளி, சாக்கடை என்று கதிரைக் காட்டும் கெய்கர் கருவியோடு தேடியாக வேண்டும்.

தேடாமல் விட முடியாது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு வெட்டியபோது ஒரு கிராமைப் புதைத்திருந்தால், இன்றைக்கும் அதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். உடம்புக்குள் போய்விட்டாலோ சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பில் ஒட்டிக்கொள்ளும். கடிகார முகப்பில் ரேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கியதால் தாடை அழுகிச் செத்தார்கள்.

பிறகு ரேடியத்துக்குப் பதில் சீசியம் வந்தது, தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரமும் வந்தது. ரேடியம் காலத்தில் எங்களுக்காவது வாங்கும் கதிரை அளக்க சட்டையில் ஃபிலிம் பேட்ஜ் இருந்தது. பெட்பேன் கழுவி, துணி அலசிய ஆயாக்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் வாங்கிய கதிருக்கு ஒரு பதிவேட்டிலும் கணக்கில்லை. உயிரோடு இருப்பவர்களையாவது தேடிப் பிடித்து மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.