திருத்தம் என்னும் சொல்

வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போனது. சென்ற ஆண்டு அங்கே ஒரு வரப்புத் தகராறு. இளைஞர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "செயற்கைக்கோளே சொல்லுது, அப்புறமென்ன?" என்று வாதிட்டதைக் கண்டோம். திறந்த வெளியிலேயே கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழைபடக் கூடும். வரப்பின் அகலமோ இரண்டடி. செயற்கைக்கோள் பொய்யுரைக்கவில்லை, திருத்தப்படாத எண்ணைச் சொல்லிற்று, அவ்வளவே.

நிலமளந்தோர் திருத்தத்தின் தேவையை என்றோ அறிந்திருந்தனர். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஏறத்தாழ 12 கி.மீ. அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் வெப்பமானியை வைத்து ஒவ்வோர் அளவையும் திருத்தினார். சோழநாட்டுச் சமவெளியில் ஏறிநின்று நோக்கக் குன்றில்லை. ஆகவே கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலேற்றுகையில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி வளைந்தது. இன்னொருவராயின் புதிய கருவிக்கு லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தாமே அதைச் சீர்செய்தார்.

இனி வானுக்கு வருவோம். ஜி.பி.எஸ். அளப்பது தொலைவை அன்று, காலத்தை. இருபதாயிரம் கி.மீ.க்கு அப்பாலிருந்து வரும் சமிக்ஞை ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். 2000 மே வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அது நீங்கிய பின்னும் அயனி மண்டலத்தின் தாமதம் நீங்கவில்லை. காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள தென்னிந்தியாவில் அம்மண்டலத்தின் அலைக்கழிப்பு மிகுதி. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அந்தக் கோடே காரணம்.

இதற்கு மாற்று எளிய கருத்துதான். இருப்பிடம் ஐயமற அறியப்பட்ட ஓரிடத்தில் வாங்கியை நிறுத்துக. செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் மெய்யிடத்துக்கும் உள்ள வேறுபாடே பிழை. அதைப் பிறர்க்கு அறிவித்தால் திருத்தம். இதனை 'வேறுபாட்டு ஜி.பி.எஸ்.' என மொழிபெயர்ப்பதைவிட 'திருத்த ஜி.பி.எஸ்.' என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. இன்னொரு குழப்பமும் உண்டு: பத்து முறையும் ஒரே எண்ணைக் காட்டுவது வேறு, மெய்யிடத்தைக் காட்டுவது வேறு. இரண்டையும் 'துல்லியம்' என்கிறோம். முன்னதை நுண்மை எனப் பிரித்தாலென்ன?

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் அமைத்த 'ககன்' இக்கருத்தின் பெருவடிவம். திருவனந்தபுரம், போர்ட் பிளேர் உள்ளிட்ட 15 நிலையங்கள் பிழையைக் கண்டு பெங்களூருக்கு அனுப்பும். அங்குக் கணிக்கப்பட்ட திருத்தம் ஜிசாட் கோள்களின் வழி நாடெங்கும் பொழியும். அமெரிக்க முறையின் அயனி மண்டலக் கணக்கு நம் வானுக்குப் போதாமையால் இஸ்ரோ தனிக் கணக்கு வகுக்க வேண்டியதாயிற்று. 2013 இறுதியில் முதற்சான்றும் 2015இல் அடுத்ததும் கிடைத்தன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்துக் கிஷன்கரில் இண்டிகோ விமானமொன்று ககன் வழிகாட்ட இறங்கிற்று.

ஆயினும் ககன் விமானத்துக்கானது; வரப்புக்கு அன்று. வரப்புக்கு அருகிலேயே ஓர் அறிந்த புள்ளி வேண்டும். கொடிக்காலுக்கு வந்த நில அளவையர் கருவிப் பெட்டியைத் திறக்கவேயில்லை. முதலில் கடப்பாரை கேட்டார். பழைய அளவைக் கல் ஒரு முழ ஆழத்தில், வெற்றிலைக் கொடியின் வேர்களுக்கு நடுவே கிடந்தது.