புறப்பட்ட கரைக்கே திரும்பிய மணி

2007 ஜனவரி 10 காலை ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து பிஎஸ்எல்வி-சி7 ராக்கெட் கிளம்பியபோது கார்ட்டோசாட்-2 செயற்கைக்கோள்தான் முக்கியப் பயணி. கூடவே ஒண்டிக்கொண்டு போனது எஸ்ஆர்இ-1 என்னும் கலம். அடிவிட்டம் 2 மீட்டர், உயரம் 1.6 மீட்டர், எடை 550 கிலோ. பார்த்தால் கோயில் மணி மாதிரி இருக்கும்.

போவதல்ல, திரும்புவதுதான் அதன் வேலை. பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றிவிட்டு, ஜனவரி 22 காலை 9 மணிக்கு, போகும் திசையிலேயே எரிவாயுவைப் பீய்ச்சித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பத்து நிமிட வேலை. அந்த உயரத்தில் ஒரு நொடி பிசகினால் கீழே ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

தான் எங்கே இருக்கிறோம் என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு திரும்பினோம், வேகம் எவ்வளவு மாறியது என்பதைச் சுழல்மானியும் முடுக்கமானியும் அளக்க, அதைக் கூட்டிக்கொண்டே வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பது போலத்தான். ஒவ்வொரு அடியிலும் நூலிழை பிசகினாலும் கடைசியில் வீடு மாறிப்போகும். 9.37க்கு, 100 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அது காற்றுமண்டலத்தில் நுழைந்தது. இப்படி நுழையும் கலத்தைச் சுற்றிக் காற்றே மின்னேறிய தீயாகி, வானொலித் தொடர்பை அறுத்துவிடும்.

9.46க்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டரில், மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் கடலைத் தொட்டு மிதந்தது.

இதற்குப் பிறகுதான் வழிநடத்தல் எவ்வளவு துல்லியம் என்ற மதிப்பீடு. போட்டுக்கொடுத்த பாதை ஒன்று, கலம் தான் போனதாக நம்பிய பாதை ஒன்று, தரையிலிருந்து கண்காணித்தவர்களுக்குத் தெரிந்த பாதை ஒன்று. மூன்றையும் நொடிக்கு நொடி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த சிக்கல் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது: பெரிய பாராசூட் விரிந்தது சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில். அதன்பின் காற்று தள்ளிய தூரத்தை வழிநடத்தும் கருவியின் தலையில் கட்டக்கூடாது. அதைத் தனியே கழித்தாக வேண்டும்.

2016 மே 23-இல் இதே தீவிலிருந்து போன இறக்கை வைத்த ஆர்எல்வி-டிடி கலத்துக்கு இப்படி மிதந்து கரை திரும்பும் கொடுப்பினை இல்லை. 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் இறங்கியதோடு சரி. மீட்டு வர ஏற்பாடு இல்லை. பறந்த 770 நொடிகளில் அது அனுப்பிய எண்களும் தரை ரேடார்கள் கண்டதும்தான் கையில் மிஞ்சின.