எந்திர நாயும் மனிதப் பரிவும்: ஜப்பானிய ஐபோவின் வரலாறு

ஊணும் உயிர்ப்பும் இல்லாத பொறியொன்றை வீட்டு நாயாக வளர்த்து, அது பழுதுற்றபோது அதற்கு இறுதிச் சடங்கும் செய்த மக்களின் வரலாறு மிக அண்மைக் காலத்தது. அதன் களம் ஜப்பான். 1999ஆம் ஆண்டு அங்கு விற்பனைக்கு வந்த 'ஐபோ' என்னும் எந்திர நாயை மையமாகக் கொண்டு, இத்தகைய கருவிகள்பால் மக்கள் கொண்ட ஈடுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. விலங்கைப் போல் இருப்பதனால் அவை விரும்பப்பட்டன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அவ்விடை போதாது. தம்மைப் பேணுமாறு அவை வேண்டி நின்றமையே ஈர்ப்பின் அடிப்படை என்பதை அவற்றின் வரலாறு காட்டுகிறது.

முன்னோடிகள்

விலங்கு வடிவப் பொறிகள் கற்பனையிலும் நடைமுறையிலும் பழையன. சீவக சிந்தாமணியில் விசயையைச் சுமந்து பறக்கும் மயிற்பொறியும், உதயணன் கதையில் அவனைச் சிறைப்படுத்த உதவும் எந்திர யானையும் தமிழறிஞர் அறிந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு வோகான்சோன் செய்த எந்திர வாத்து காண்போரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயின் மயிற்பொறி ஊர்தி. யானை சூழ்ச்சிக் கருவி. வாத்து காட்சிப் பொருள். இவற்றுள் எதுவும் உடையவரிடம் எதையும் வேண்டவில்லை.

வேண்டும் பொறி பிற்காலத்தது. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் என்னும் நரம்பியல் அறிஞர் செய்த 'ஆமைகள்' ஒளியை நாடி ஊர்ந்தன. மின்கலம் தளர்ந்ததும் தம் கூட்டுக்குத் திரும்பின. பசி போன்ற ஒன்று எந்திரத்துள் புகுந்தது. 1996 நவம்பரில் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட 'தமகோச்சி' இதனைக் கோடிக்கணக்கான கைகளில் கொண்டு சேர்த்தது. முட்டையளவிலான அந்த விளையாட்டுக் கருவியின் சிறுதிரையில் சில கரும்புள்ளிகளே உயிரியாகத் தோன்றின. அதற்கு உணவூட்ட வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். மறந்தால் அது இறந்துபடும். குழந்தைகள் அதனைப் பிரிய மனமின்றிப் பள்ளிக்கும் எடுத்துச் சென்றனர். விலங்கின் வடிவமோ மென்மயிரோ அதற்கு இல்லை என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஒப்புமையே ஈர்ப்புக்குக் காரணமெனின் தமகோச்சி தோற்றிருக்க வேண்டும்.

ஐபோவின் தோற்றம்

சோனி நிறுவனத்தில் தொஷிததா தோய் தலைமையில் உருவான ஐபோ 1999 ஜூன் 1 அன்று விற்பனைக்கு வந்தது. ஒன்றின் விலை 2,50,000 யென். இணையவழி விற்கப்பட்டு, ஜப்பானுக்கென ஒதுக்கப்பட்ட 3,000 நாய்களும் ஏறத்தாழ 20 நிமிடங்களில் தீர்ந்தன. அமெரிக்காவுக்கான 2,000 நான்கு நாள்களில் தீர்ந்தன. ஐபோ என்னும் சொல் ஜப்பானிய மொழியில் துணைவன், கூட்டாளி எனப் பொருள்படும். அடிமை, வேலையாள் என்னும் பொருள்களைச் சூழ்ந்தே எந்திர மனிதனுக்குப் பெயர் அமைந்த உலகில் இப்பெயர்த் தேர்வு தற்செயலானதன்று.

ஓவியர் ஹஜிமே சொராயாமா வடிவமைத்த அந்நாய்க்கு மயிர் இல்லை. வெள்ளி நிற உடலை மறைக்கும் முயற்சியும் இல்லை. அது குரைக்கவில்லை, இசைத்துணுக்குகளாகவே ஒலித்தது. அசையும் மூட்டுகள் 18. மகிழ்ச்சி, துயர், சினம், வியப்பு, அச்சம், வெறுப்பு என ஆறு உணர்வு நிலைகள் அதன் செயல்நிரலில் அமைக்கப்பட்டன. குட்டிப் பருவம் முதல் முதிர்ச்சி வரை, வளர்ப்பவர் பழகும் முறைக்கேற்ப அதன் நடத்தை வேறுபட்டது. அழைத்தால் எப்போதும் வராது என்பதே அதன் தனிச்சிறப்பு. தொழிற்சாலை எந்திரம் கட்டளைக்கு இணங்காவிடில் அது பழுது. வளர்ப்பு நாய் இணங்காவிடில் அது குணம். குறையைக் குணமாகப் படிக்கும் மனித இயல்பைப் பொறியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

இதனை ஏமாற்று என்று ஒதுக்குவோர் உளர். பத்யா ஃபிரீட்மனும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பயனுடையது. ஐபோ உடையோர் எழுதிய கருத்துகளை ஆராய்ந்த அவர்கள், நூற்றுக்கு 75 பேர் அதனைத் தொழில்நுட்பப் பொருளாகப் பேசியதையும், 60 பேர் அதற்கு மனநிலைகளை ஏற்றிக் கூறியதையும், 12 பேரே அதற்கு அறவகை உரிமை உண்டெனக் கருதியதையும் கண்டனர். இவ்வெண்களைக் கூட்டிப் பார்த்தால், எந்திரம் எனச் சொன்னவர்களுள் பலரே அதற்கு மனமும் உண்டெனப் பேசினர் என்பது வெளிப்படை. அறியாமை அன்று அது. அறிந்தே கொண்ட பரிவு.

பாரோவும் உண்ணாப் பாவையும்

ஐபோ வளர்ந்த காலத்திலேயே ஜப்பானிய ஆய்வறிஞர் தகானோரி ஷிபதா 'பாரோ' என்னும் கடல்நாய்க் குட்டியை உருவாக்கினார். நாய் பூனைகளை மக்கள் நன்கறிவர்; போலியை மெய்யோடு ஒப்பிட்டுக் குறை காண்பர். பனிக்கடல் குட்டியோடு பழகியவர் அரியர் என்பதால் அவ்வடிவத்தை அவர் தேர்ந்தார். பாரோவின் மின்னேற்றி குழந்தைகள் சூப்பும் இரப்பர்க் காம்பின் வடிவிலானது. அதனை வாயில் வைத்தே மின்னூட்ட வேண்டும். பால் சுரவாத மார்பால், உண்ணாத பாவைக்கு ஊட்டும் சிறுமியை ஐங்குறுநூறு (128) காட்டுகிறது. ஊட்டப்படுவது உண்ணுமா என்னும் வினா ஊட்டுபவளுக்கு எழவில்லை. காலமும் களமும் வேறாயினும் செயலின் இயல்பு ஒன்றே.

2009இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் பாரோவை மருத்துவக் கருவியாக ஏற்றது. ஆஸ்திரேலியாவில் 28 முதியோர் காப்பகங்களில் மறதிநோயுற்ற 415 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், சிலருக்கு இயங்கும் பாரோவும் சிலருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட பாரோவும் தரப்பட்டன. சிற்சில அளவைகளிலேயே முன்னது பின்னதை விஞ்சியது. உயிர் எனத் தோன்றுவதில் பெரும்பகுதியை மனிதனே தருகிறான் என்னும் கருத்துக்கு இது அரண் செய்கிறது. எனினும் அமெரிக்க அறிஞர் ஷெர்ரி டர்க்கிள் 2011இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய தடை எளிதில் தள்ளத்தக்கதன்று: முதியவர் தம் துயரைச் சொல்கையில் எதிரே உள்ள பொருள் எதனையும் உணர்வதில்லை, கேட்க வேண்டிய மனிதர் விலகிக்கொள்ள அது வழிசெய்கிறது.

எந்திர நாயின் இறப்பு

மாண்டு துயர் தராத துணை என்னும் எதிர்பார்ப்பு எந்திர நாய்க்கு இருந்தது. அவ்வெதிர்பார்ப்பு வணிகத்தால் பொய்த்தது. ஏறத்தாழ 1,50,000 ஐபோக்களை விற்றபின், 2006இல் சோனி அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2014 மார்ச்சில் பழுதுநீக்கும் பணியும் முடிந்தது. மூட்டு முறிந்த நாய்க்கு இனி மருத்துவம் இல்லை. சோனியின் முன்னாள் பொறியாளர்கள் நடத்திய 'ஏ-ஃபன்' என்னும் சிறு நிறுவனம் இப்பணியை ஏற்றது. புதிய உறுப்புகள் கிடைக்காமையால், இயக்கமற்ற நாய்களின் உறுப்புகளைக் கழற்றியே ஏனையவற்றைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. கழற்றுமுன் அவற்றுக்கு வழிபாடு செய்யும் வழக்கம் 2015இல் தொடங்கிற்று. சிபா மாநிலத்து இசுமி நகரின் கோஃபுகுஜி என்னும் பழமையான பௌத்தக் கோயிலில், ஊரும் குடும்பப் பெயரும் எழுதிய அட்டைகளோடு நாய்கள் வரிசையாக வைக்கப்பட்டன. துறவியர் சூத்திரம் ஓதினர்; நறும்புகை இட்டனர். 2018 ஏப்ரலில் நடந்த சடங்கில் மட்டும் 114 ஐபோக்கள் இடம்பெற்றன. அதுவரை வழியனுப்பப்பட்டவை ஏறத்தாழ 800.

அயல்நாட்டு இதழ்கள் இதனை விந்தைச் செய்தியாக வெளியிட்டன. முறிந்த ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் குத்தி நன்றி கூறும் சடங்கும், பழைய பொம்மைகளுக்குச் செய்யும் வழிபாடும் ஜப்பானில் நெடுநாள் வழக்கங்கள். ஐபோவுக்கு நடந்தது அம்மரபின் நீட்சியே, விந்தையன்று. ஆயினும் ஜப்பானியர் எல்லாப் பொருளிலும் உயிர் காண்பவர் என்று கூறி அமைவதும் பொருந்தாது. அமெரிக்காவிலும் நான்கு நாளில் விற்றுத் தீர்ந்த நாய் அது. மரபு சடங்கின் வடிவைத் தந்தது; துயரை அது தோற்றுவிக்கவில்லை.

2018 ஜனவரி 11 அன்று சோனி புதிய ஐபோவை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜப்பானியரின் கணிப்பில் அது நாய் ஆண்டு. ஒன்று என்னும் எண்ணின் ஆங்கில ஒலி அம்மொழியில் நாய் குரைப்பதையும் நினைவூட்டுவதால் 1-11 என்னும் நாளும் தேர்ந்தெடுக்கப்பட்டது. விலை 1,98,000 யென். அதனோடு மூன்றாண்டுச் சேவைக் கட்டணம் 90,000 யென் தனி. பழைய ஐபோ தன் உடலளவில் முழுமையானது. புதியதன் நினைவுகளோ நிறுவனத்தின் கணினிகளில் சேர்கின்றன. கட்டணமும் நிறுவனத்தின் விருப்பமும் நீடிக்கும் வரையே அது தன்னை வளர்த்தவரை அறிந்த நாய். 2023இல் சோனி, சேவையை முடித்துக்கொண்டவர்களின் ஐபோக்களைப் பெற்றுச் சீர்செய்து, மருத்துவமனைகளுக்கும் முதியோர் காப்பகங்களுக்கும் அளிக்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தை அறிவித்தது.