படப்பெட்டியும் நம் முகமும்



தோட்டத்து லயங்களில் சுவரில் மாட்டியிருந்த பழைய கல்யாணப் படங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும். முகமோ கறுத்துப்போய், கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். "நாம கறுப்பு, படமும் கறுப்பு" என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். உண்மைக் காரணம் வேறு. அதை அறிந்துகொண்டால், பல வீடுகளில் இன்று மேசை அறைக்குள் கிடக்கும் சிறிய டிஜிட்டல் கேமராவையும் சரிவரக் கையாளலாம்.

படம் பிடிக்கும் முறை 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது நம் முன்னோர் வணங்கிய கோயில்களுக்கும் வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னியஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் திருச்சியையும் படமெடுத்தார். படச்சுருள் இல்லாத காலம் அது. மெழுகு ஊட்டிய காகிதத்தில் வெள்ளி உப்பு ஏற்றி, அதில் படத்தைப் பதித்தார். அந்த உப்பு நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பையும் பழுப்பையும் உணராது. ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1855இல் பர்மாவில் எடுத்த படங்கள் சிலவற்றில் அவர் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்க்க வேண்டியதாயிற்று! வானத்தை வெளுக்க வைத்த அதே குறைதான் பழுப்பு நிற மேனியை உள்ளதைவிடக் கறுப்பாகவும் காட்டியது.

எல்லா நிறத்தையும் உணரும் படத்தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. ஆனால் வண்ணப்படக் காலத்தில் வேறொரு சங்கடம் தோன்றியது. வண்ணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் போதும், மற்ற முகங்கள் எப்படி வந்தாலும் சரி என்பதுதான் நடைமுறை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1960களிலும் 1970களிலும் கோடாக் நிறுவனத்திடம் வலுவாக முறையிட்டவர்கள் சாக்லெட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும்தான். தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் படத்தில் வேறுபாடு தெரியாமல் ஒன்றாகிவிடுகின்றன என்றார்கள். மனிதருக்காக இல்லாவிட்டாலும் மேசை நாற்காலிக்காகவாவது படச்சுருள் திருந்தியதே!

நம் மலாயாவுக்கு வருவோம். 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படத்தோடும் கைரேகையோடும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. தோட்டத்துப் பாட்டிமார் பலர் முதன்முதலாகக் கேமராவின் முன் நின்றது அப்போதுதான். நாங்கள் அறிந்த சில வீடுகளில் அவர்களுக்கு வேறு படமே கிடையாது. அவர்கள் காலமானபின், மாலை போடுவதற்காக அந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கினார்கள். முகம் பெரிதாயிற்று, ஆனால் மூக்குத்தியும் நெற்றிச் சுருக்கமும் வரவில்லை. முதலில் பதியாத ஒன்றைப் பிறகு எந்தக் கடைக்காரராலும் கொண்டுவர முடியாது.

டிஜிட்டல் கேமராவுக்கும் இது பொருந்தும். 1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதன்முதலாக அத்தகைய கேமரா ஒன்றைச் செய்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி பிடித்தது. அப்படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. பின்னாளில் வந்த சட்டைப்பை கேமராக்கள் 50 இலட்சம் புள்ளிகளை நொடியில் பதித்தன. ஆனால் நினைவட்டையில் நிறையப் படம் கொள்ள வேண்டுமென்று பலர் அளவை ஆகச் சிறியதாக, 640க்கு 480 என்று வைத்துவிடுகிறார்கள். அது மூன்று இலட்சம் புள்ளிதான். கடையில் 4 ஆர் அளவில் தெளிவாகக் கழுவ ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளி வேண்டும். ஆகவே படத்தின் அளவு 'எல்' என்றும், தரம் 'ஃபைன்' என்றும் இருக்கட்டும். ஒரு ஜிபி அட்டையிலேயே அப்படிச் சில நூறு படங்கள் கொள்ளும்.

அடுத்தது ஒளியளவு. எக்ஸ்போஷர் என்பார்கள். நம் செமிலிங்கை அடுத்த மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் கற்கோயிலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம் என்று வையுங்கள். கோயிலை மட்டும் எடுத்தால் படம் நன்றாக வரும். ஏனெனில் கேமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணி ஒளியை அளக்கிறது. கல்லும் ஏறத்தாழச் சாம்பல் நிறமே. ஆனால் வெள்ளைச் சட்டை அணிந்த பிள்ளைகளை நெருக்கி நிறுத்தி எடுத்தால், கேமரா அவ்வளவு வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். சட்டை மங்கும், முகம் இருளும். பழைய கல்யாணப் படத்தில் வேட்டிக்கும் முகத்துக்கும் இடையே ஸ்டூடியோக்காரர் பட்ட பாடும் இதுதான்.

கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் இதற்காகவே உள்ளது. கூட்டல் 1 என்று வைத்தால் ஒளி இருமடங்காகும். முகம் தெளியும். உச்சி வெயிலில் அவ்வளவு வேண்டாம். சட்டை மடிப்பு வெளுத்து அழிந்துவிடும், கூட்டல் மூன்றில் ஒரு பங்கே போதும். பின்னால் வானம் இருந்தால் பகலிலும் ஃபிளாஷ் போடலாம். கோயில் திருவிழாவில் இரவில் எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ. எண்ணை 800க்கு ஏற்றினால், சிறிய கேமராக்களில் படம் மணல் தூவியது போலாகும். 200இல் வைத்து, கேமராவை ஒரு மேசைமேல் நிறுத்தி, நிற்பவர்களைச் சற்று அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். எடுத்தவுடன் பின்திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருண்டிருந்தால் அவர்கள் கலைந்து போவதற்குள் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளி இன்னொன்று எடுத்துவிடலாம்.