வன்னிப் பெருநிலப்பரப்பில் சிறுவர், கட்டிளமைப் பருவத்தினர் நலம்

இலங்கையின் வட மாகாணத்தில் அடங்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பிள்ளைகளின் உடல்நலமும் உளநலமும் உள்நாட்டுப் போருக்குப் பின் ஒரே வேகத்தில் மீளவில்லை. மகப்பேறு, தடுப்பூசி, தொற்றுநோய்க் கட்டுப்பாடு ஆகியவை சில ஆண்டுகளிலேயே நாட்டின் பிற பகுதிகளை எட்டிப் பிடித்தன. போசாக்கும் உளநலமும் கட்டிளமைப் பருவத்தினருக்கான கவனிப்பும் பின்தங்கி நிற்கின்றன. 2009 மே 18இல் போர் முடிந்தது. இன்று வன்னியின் பாடசாலைகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதன் பின் பிறந்தவர்கள். அவர்கள் போரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களை வளர்க்கும் தாய் தந்தையரும் அம்மம்மாக்களும் அதற்குள்ளேயே வாழ்ந்தவர்கள். இந்த மாவட்டங்களின் சிறுவர் நலத்தைப் பிள்ளையை மட்டும் பார்த்து அளக்க முடியாது. வீட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முன்வரலாறு

1977ஆம் ஆண்டு வன்செயலில் அகதிகளான மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அவர்களுக்காக மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் முன்பள்ளிகளைத் திறந்து, பிள்ளைகளுக்குப் பாலும் சத்துணவும் வழங்கியது. வன்னியில் சிறுவர் நலத்தை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்த தொடக்க முயற்சிகளில் இது முக்கியமானது. 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அந்தக் குடியேற்றங்கள் சிலவற்றில் காணி உரிமைச் சிக்கல் இன்றும் தொடர்கிறது. கூலி வேலையை மட்டும் நம்பிய வீடுகளில் பிள்ளைகளின் சாப்பாடு அன்றாட வருமானத்தையே பொறுத்திருக்கிறது.

1990களில் அரசின் பொருளாதாரத் தடையால் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மலேரியா வீடுவீடாகப் பரவியது. 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மீதான விமானக் குண்டுவீச்சில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் பாடசாலை மாணவிகள். போரின் இறுதி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் பல பிள்ளைகளுக்குக் கிடைத்த உணவு அரிசிக் கஞ்சிதான். தப்பி வந்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அரசுடன் போரிட்ட விடுதலைப் புலிகளால் படையில் சேர்க்கப்பட்டிருந்த 594 சிறுவர்கள் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டு 2010இல் குடும்பங்களுடன் சேர்க்கப்பட்டனர். கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பதினாறு, பதினேழு வயதிலேயே மணமுடித்து வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இப்போது கட்டிளமைப் பருவத்தில் இருக்கிறார்கள்.

சுகாதார சேவை

மீட்சியின் பெரும் பங்கு குடும்பநல மாதுகளைச் சாரும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் மறுபடி இயங்கத் தொடங்கியதும், இடிந்த வீடுகளுக்கு நடுவே தகரக் கொட்டில்களைத் தேடிப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிந்தவர்கள் அவர்கள்தான். பிறந்தவுடன் பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி என்று கிளினிக் அட்டையில் வரிசை தொடர்கிறது. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் போடப்படுகிறது. ஒரு காலத்தில் வன்னியின் பெருந்துன்பமாயிருந்த மலேரியா ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஐந்து வயதைத் தாண்டியதும் பிள்ளைக்குக் கிளினிக்குடனான தொடர்பு மெலிகிறது. அதன்பின் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையே முதன்மையான சந்திப்பு. நிறை, உயரம், பார்வை, பல் பார்க்கப்படும். பிள்ளை இரவில் தூங்குகிறதா என்று நின்று கேட்கப் பரிசோதகருக்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை.

போசாக்கு

வட மாகாணம் சேர்க்கப்படாத 2006/07 ஆய்வுக்குப் பின், 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதல் குடித்தொகை சுகாதார ஆய்வு 2016இல் நடந்தது. அதன்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் திரிபோஷா சத்துமா இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வறிய வீடுகளில் ஒரு பிள்ளைக்கென்று வரும் பக்கெற்றைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வது வழக்கம். இதைத் தாயின் அறியாமை என்று கிளினிக்கில் கண்டிப்பது தவறு. பசியோடு நிற்கும் மூத்த பிள்ளையைத் தள்ளி வைத்து இளையதற்கு மட்டும் எந்தத் தாயாலும் ஊட்ட முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது.

உளநலம்

வடக்கு கிழக்கின் உளப்பாதிப்பை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் உளமருத்துவர் தயா சோமசுந்தரம். 1993இல் 'மனவடு' என்ற தமிழ் நூலை எழுதிய அவர், 2010இல் வெளியிட்ட ஆய்வில் வன்னி மக்களின் பாதிப்பைத் தனிமனித நோயாக அன்றி, குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைந்த கூட்டு மனவடுவாகவே விளக்கினார். பிள்ளைகள் விடயத்தில் இப்பார்வையின் பெறுமதி அதிகம். வட கிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ் மாணவரிடம் செய்து 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில் 30.4 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும், 19.6 வீதத்தினரிடம் பெரும் மனச்சோர்வும் காணப்பட்டன. பிள்ளை வீட்டில் அனுபவித்த வன்முறையோடு போர் அனுபவமும் தந்தையின் குடிப்பழக்கமும் தொடர்புபட்டிருந்ததையும் அது காட்டியது. குண்டுச் சத்தம் ஓய்ந்த பின்னும் கசிப்புக் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் உள்ள வீட்டில் பிள்ளைக்குப் போர் ஓயவில்லை.

தகப்பன் இல்லாத வீடுகளும் வன்னியில் ஏராளம். கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடுபவர்களும் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள். நுண்நிதிக் கடன் அவர்களை மேலும் இறுக்குகிறது. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனால் பிள்ளை அம்மம்மாவிடமோ சிறுவர் இல்லத்திலோ வளர்கிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் தொடர் போராட்டத்தில் தாய்மாரின் மடியிலிருந்தே வளர்ந்த பிள்ளைகள் உண்டு.

கட்டிளமைப் பருவம்

கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் அறுவடைக் காலத்திலும் கடற்றொழில் பருவத்திலும் வரவு குறையும் பாடசாலைகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகும் ஆசிரியர்களால் பாடசாலை விட்ட பின் ஒரு மாணவனோடு உட்கார்ந்து பேச முடிவதில்லை. ஆலோசனைக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியருக்கும் பாடவேளைகளும் பிற வேலைகளும் உண்டு. ஐஸ், ஹெரோயின், கஞ்சா, மாவா ஆகியவற்றின் புழக்கமும் இளவயதுக் கர்ப்பமும் இன்று பெற்றோரை அதிகம் அச்சுறுத்துகின்றன. இரண்டுக்கும் பொலிஸ் நடவடிக்கையும் அவமானப்படுத்தலும் மட்டுமே பதிலாகும்போது, உதவி கேட்க வேண்டிய பிள்ளை ஒளிந்துகொள்கிறது. கர்ப்பமுற்ற மாணவியின் படிப்பு பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. பையனின் படிப்பு அப்படி நிற்பதில்லை.

சூழல்

பச்சிலைப்பள்ளியின் முகமாலை நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று. பழைய இரும்பு பொறுக்கப் போகும் சிறுவருக்கு வெடிபொருள் ஆபத்து இன்னும் நீங்கவில்லை. வவுனியாவின் சில கிராமங்களில் கிணற்று நீரின் புளோரைட் பிள்ளைகளின் பற்களில் கறையை ஏற்படுத்துகிறது. மாரியில் நிரம்பும் குளங்கள் நீந்தத் தெரியாதவர்களுக்கு ஆபத்தானவை.

உதவி பெறல்

சிறுவர் துன்புறுத்தலைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். உளநல உதவிக்கு 1926. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குவன, தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவும் உள்ளன.